மாலை ஆறு மணிக் கணக்கு

1665 ஆகஸ்ட் 30. லண்டனில் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் வட்டாரத் தேவாலயத்தின் எழுத்தரைச் சந்திக்கிறார். எழுத்தர் பெயர் ஹாட்லி. கொள்ளைநோய் ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த கோடை அது. நம் பகுதி எப்படி இருக்கிறது என்று பீப்ஸ் கேட்கிறார். ரொம்பவே பெருகிவிட்டது, இந்த வாரம் ஒன்பது பேர் போய்விட்டார்கள், நான் ஆறு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்கிறார் ஹாட்லி. கேட்டார், சொல்லிவிட்டார், அதற்குமேல் ஒளிவுமறைவு இல்லை. இது மிக மோசமான வழக்கம் என்று பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார். இங்கே இப்படியென்றால் மற்ற வட்டாரங்களிலும் இப்படித்தான் இருக்கும், ஆகவே ஜனங்கள் நினைப்பதைவிட நோய் பெரிது என்றும் கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

மறுநாள் அந்த வாரத்தின் எண்ணிக்கை அவர் கைக்கு வருகிறது. மொத்தச் சாவு 7,496. அதில் கொள்ளைநோயால் 6,102. உண்மையான எண் பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும் என்று பீப்ஸ் அஞ்சுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஏழைகள் கூட்டம் கூட்டமாகச் சாவதால் யாரும் எண்ண முடியவில்லை. குவேக்கர்கள் போன்றோர் தங்கள் சாவுக்குத் தேவாலய மணி அடிக்க விடுவதில்லை. மணி அடிக்காத சாவு கணக்கில் ஏறாது.

முந்நூற்று ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஜூன் மாதத்தில், சென்னையில் கொரோனா சாவுகளைப் பற்றி இதே பேச்சு எழுந்தது. மருத்துவமனைகளிலிருந்து மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போன பட்டியல் ஒன்று. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அரசு ஒரு குழுவைப் போட்டது. ஜூலை 22 அன்று, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நேர்ந்து பட்டியலில் விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே மாலையில் மாநிலக் கணக்கில் சேர்க்கப்பட்டன. நாங்கள் ஏப்ரலிலும் மேயிலும் ஒவ்வொரு மாலையும் பார்த்து ஆறுதல்பட்ட எண்கள் குறைபட்ட எண்கள் என்பது அப்போதுதான் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது.

ஊரடங்கு நாட்களை எப்படிக் கழித்தீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், மொட்டைமாடி நடை, வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டது, பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவியது, கபசுரக் குடிநீரின் கசப்பு என்று வரிசையாகச் சொல்வோம். அன்றாடத்தை உண்மையில் ஆண்டுகொண்டிருந்த அந்த மாலை நேரத்து எண் இந்த வரிசையில் வருவதில்லை. மறுநாள் காய்கறிக்குப் போகலாமா, வீட்டு வேலைக்கு ஆள் வரச் சொல்லலாமா, சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்தோம். ஒரு நோயின் நடுவே சாதாரண மனிதர்கள் நாளை எப்படி ஓட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ள, அந்த எண் எப்படிச் செய்யப்பட்டது, எப்படிப் படிக்கப்பட்டது என்று பார்ப்பதே நேர்வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டனின் முறையை நாம் அறிவது பெரும்பாலும் ஜான் கிராண்ட் என்ற சில்லறைச் சரக்கு வியாபாரியால். அவர் 1662இல், அதாவது அந்தப் பெரிய கொள்ளைநோய்க்கு மூன்று ஆண்டுகள் முன்பு, நகரத்தின் வாராந்தர மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு புத்தகம் போட்டார். மக்கள்தொகையியல் அந்தப் புத்தகத்தில் தொடங்குகிறது என்பார்கள். ஒருவர் இறந்தால் மணி அடிப்பார்கள், அல்லது குழி வெட்டச் சொல்லி ஆள் வரும். அந்தச் சேதி கேட்டதும் பிணத்தைப் பார்த்துச் சாவின் காரணம் சொல்லச் சத்தியப் பிரமாணம் எடுத்த கிழவிகள் அந்த வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் சொன்னதை வட்டார எழுத்தர் குறித்துக்கொள்வார். செவ்வாய் இரவு எல்லா எழுத்தர்களும் கணக்கைத் தங்கள் சங்கத்தில் ஒப்படைப்பார்கள். புதன்கிழமை தொகுத்து அச்சடித்து, வியாழக்கிழமை ஆண்டுச் சந்தா நான்கு ஷில்லிங் கட்டிய வீடுகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் கிழவிகளை ஒரு குவளை பீரும் கொஞ்சம் காசும் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம், வெட்கப்படும்படியான நோய்களெல்லாம் அதனால் வேறு பெயரில் பதிவாகின்றன என்றும் கிராண்ட் எழுதியிருக்கிறார். எண்ணின் பிறப்பிடத்திலேயே கை நீண்டிருந்தது.

இந்தப் பட்டியலைச் சந்தாதாரர்கள் என்ன செய்தார்கள்? அதற்கும் கிராண்டிடம் பதில் உண்டு. கடைசி வரியில் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பார்கள். விசித்திரமான சாவு ஏதாவது இருந்தால் நண்பர்களோடு பேசிக்கொள்ளப் பயன்படும். கொள்ளைநோய்க் காலம் என்றால், ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமா என்று பணக்காரர்கள் முடிவு செய்வார்கள். வியாபாரம் எப்படி நடக்கும் என்று வணிகர்கள் ஊகிப்பார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிட முடியாது.

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. முதல் மரணம் மார்ச் 25 அன்று மதுரையில். மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு மாநிலத்தில் 144 தடையுத்தரவு வந்தது; அன்று நள்ளிரவு நாடு முழுக்க ஊரடங்கு. அதன்பின் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணி வாக்கில் சுகாதாரத் துறையின் செய்திக்குறிப்பு வரும். தொடக்கத்தில் துறைச் செயலாளரே தொலைக்காட்சியில் வந்து வாசித்தார். பிறகு அது பல பக்கங்கள் கொண்ட கோப்பாகக் கைபேசிக்குக் கைபேசி தாவியது. முதல் பக்கத்தில் அன்றைய தொற்று, பரிசோதனை, குணமடைந்தோர், இறந்தோர். பிறகு மாவட்ட வாரி அட்டவணை. அதற்கும் பின்னால், பெரும்பாலோர் போய்ச் சேராத பக்கங்களில், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. பெயர் இருக்காது, வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்னென்ன இணைநோய்கள், என்ன தொந்தரவோடு எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இறந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்று நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். ஆங்கிலத்தில், ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களில், ஒரு மனிதரின் கடைசி வாரம் மூன்று வரியில் முடிந்திருக்கும்.

எங்கள் மேல்வீட்டுப் பெரியவர் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் கணக்கு எழுதும் நீளமான நோட்டில் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருந்தார்: மாநிலம், சென்னை, நம் மண்டலம், சாவு. கூடிய நாளுக்குச் சிவப்பு மை, குறைந்த நாளுக்கு நீலம். இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “இன்னைக்கு நம்ம மண்டலம் எறங்கிருக்கு சார், பாத்தீங்களா?” என்பார். அவர் குரலில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லும் தொனி இருந்ததாக என் அம்மாவுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க வரவு செலவைச் சரிபார்த்த ஒருவருக்கு, கையில் பேனா இருந்தால் நாள் நகர்ந்தது. அவ்வளவுதான். சொல்லப்போனால் அம்மாவும் தினமும் ஆறு மணிக்குக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மாநகராட்சியின் 15 மண்டலங்களுக்கும் தனித்தனி எண்ணிக்கை வந்தது, படிக்கும் விதத்தை மாற்றிவிட்டது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் என்று வடசென்னை மேலே நின்ற வாரங்களில் தென்சென்னைக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். கோடம்பாக்கமும் தேனாம்பேட்டையும் ஏறியபோது, அது கோயம்பேட்டால் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டு, சில நாளில் திருமழிசைக்குப் போனது. அங்கே வேலை செய்து ஊர் திரும்பியவர்கள் வழியே கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் தொற்று பரவியது. அந்த வாரங்களில் கொத்தமல்லிக் கட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. இந்த விளக்கங்களெல்லாம் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணைப் படித்தவர்கள் அதில் தேடியது நோயை அல்ல, நோய்க்கும் தங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை. இறந்தவரின் வயதைக் கேட்பதும், சர்க்கரை இருந்ததா என்று கேட்பதும், எந்த ஏரியா என்று கேட்பதும் அந்தத் தூரத்தை அளக்கத்தான். செய்திக்குறிப்பு ‘இணைநோய் இல்லாதவர்கள்’ என்று தனியாக ஓர் எண் கொடுக்கும். எல்லோரும் பயந்தது அந்தச் சின்ன எண்ணுக்குத்தான்.

இப்படித் தூரம் அளந்துகொண்டே நாளை ஓட்டுவதை இரக்கமின்மை என்று எழுதிவிடுவது சுலபம். பீப்ஸின் 1665 செப்டம்பர் 3 பக்கத்தைப் படித்தால் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்ல வராது. அன்று ஞாயிறு. வண்ணப் பட்டு உடையும் புதிய டோப்பாவும் போட்டுக்கொள்கிறார். டோப்பா வாங்கி நாளாகிவிட்டது. ஆனால் வாங்கிய வெஸ்ட்மின்ஸ்டரில் அப்போது நோய் இருந்ததால் போட்டுப் பார்க்கவே பயந்திருந்தார். நோய் அடங்கியபின் டோப்பா நாகரிகம் என்ன ஆகும், பிணத்தின் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்று யாரும் வாங்க மாட்டார்களே என்று யோசிக்கிறார். அன்றே பிற்பகலில் நோய்த்தடுப்பு பற்றிப் பேச ஊர்ப் பெரியவர்களின் கூட்டம். கூட்டத்துக்கு ஒரு புகார் வருகிறது: நோய் கண்ட வீட்டுக் குழந்தை ஒன்றை யாரோ லண்டனிலிருந்து கிரீனிச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விசாரித்தால், சேணம் தைக்கும் ஒருவரின் குழந்தை அது. மற்றப் பிள்ளைகளையெல்லாம் புதைத்துவிட்டு, அவரும் மனைவியும் பூட்டிய வீட்டுக்குள் சாவுக்குக் காத்திருந்தார்கள். மிஞ்சிய ஒரே குழந்தையை, துணியெல்லாம் களைந்து வெற்றுடம்பாக, நண்பர் ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் புதுத் துணி உடுத்திக் கொண்டுவந்தார். கூட்டம் அந்தக் குழந்தை ஊரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்கிறது. டோப்பாவும் குழந்தையும் ஒரே பக்கத்தில், ஒரே மையில் இருக்கின்றன. பின்னாளில் திருத்தி எழுதியிருந்தால் பீப்ஸ் டோப்பாவை எடுத்துவிட்டிருப்பார். சுருக்கெழுத்தில் தனக்கென்று எழுதி, 1825 வரை அச்சேறாமல் கிடந்த குறிப்பு என்பதால் அது தப்பித்தது. (நம்மிடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் சரக்கு விலையும் சாவுச் சேதியும் இப்படித்தான் அடுத்தடுத்து வரும்.)

அந்தக் குழந்தை ஏன் ஒளித்துக் கொண்டுவரப்பட்டது என்பதில் எண்ணின் கதை ஒளிந்திருக்கிறது. லண்டனில் நோய் கண்ட வீட்டை நாற்பது நாள் அடைப்பார்கள். கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை. வாசலில் இரவும் பகலும் காவலாள். உள்ளே நோயாளியோடு நோயில்லாதவர்களும். இந்தத் தண்டனைக்குப் பயந்துதான் வீடுகள் நோயை மறைத்தன. மறைக்காதவர்கள் பாராட்டப்பட்டார்கள். பீப்ஸின் மருத்துவர் பர்னெட், தன் வேலையாளுக்கு நோய் வந்ததும் தானே அறிவித்துக் கதவை அடைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் அந்தப் பெயர் நீடிக்கவில்லை. வேலையாளை அவரே கொன்றுவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஜூலையில் பீப்ஸைச் சந்தித்த பர்னெட், நோயாளர் இல்லத் தலைவர் எழுதிக் கொடுத்த சான்றை எடுத்துக் காட்டியிருக்கிறார்: வலது கவட்டில் நெறிகட்டி, தொடையில் இரண்டு புள்ளி, கொள்ளைநோய்தான். தன் மீதான பழியைத் துடைக்க அந்தக் காகிதத்தைக் கையோடு வைத்துக்கொண்டு திரிந்த அந்த மருத்துவர் ஆகஸ்ட் 25 அன்று தானும் இறந்துபோனார்.

சென்னையில் சிலுவைக்குப் பதில் முதலில் ஸ்டிக்கர், பிறகு தகரம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீட்டு வாசலில் 2020 மார்ச்சில் அறிவிப்பு ஒட்டினார்கள். தொற்று உறுதியானால் வீட்டையோ தெருவையோ தகரம் வைத்து அடித்தார்கள். எங்கள் தெருவில் தகரம் அடித்த அன்று நடந்தது நினைவிருக்கிறது. நான்கு சவுக்குக் கட்டைகள், நெளிந்த நீலத் தகடுகள், ஆணி அடிக்கும் சத்தம். பாதிக்கப்பட்டவர் ஆம்புலன்ஸில் ஏறியபோது ஜன்னல் திரைகளெல்லாம் அசைந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டில் ஒருவருக்கு இருமல் கேட்டது. அந்த வீட்டில் யாரும் பரிசோதனைக்குப் போகவில்லை. மிளகுக் கஷாயம் வாசனை வந்தது, ஆவி பிடிக்கும் கொதிநீரின் நொச்சி வாசனை வந்தது, பிறகு இருமல் நின்றது. அரசின் கணக்கில் அந்த வீடு இல்லை. வாசலில் சுவரொட்டி ஒட்ட வேண்டியதில்லை, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய உத்தரவு இருந்தால் மட்டும் ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று சொன்னபோது, ஒட்ட வேண்டியதையெல்லாம் ஒட்டி முடித்திருந்தோம்.

சாவு இன்னும் மோசம். 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றால் இறந்தார். முதலில் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. பிறகு வேலங்காட்டு இடுகாட்டில் கூட்டம் கல்லும் கட்டையுமாகத் தாக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர் இரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். ஒரு மருத்துவருக்கே இந்தக் கதி என்று பார்த்த எந்தக் குடும்பம், தன் வீட்டுச் சாவை அந்த நோயின் பெயரில் எழுதச் சம்மதிக்கும்? எண்ணிக்கை குறைந்ததற்கு அரசின் மறைப்பு மட்டுமே காரணம் என்று அந்நாளில் பலர் பேசினார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஹாட்லியின் ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையே தொலைந்த மூன்று பேரில் ஒருவரையாவது, அவர் வீட்டாரே வந்து கெஞ்சி எடுக்கச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டை அடைப்பதும் தெருவை அடைப்பதும் நோயைத் தடுக்கப் போட்ட விதிகள். அவையே எண்ணைக் கெடுத்தன. கெட்ட எண்ணை நம்பி ஊர் வெளியே வந்தது. அதனால் நோய் கூடியது.

எண்ணைப் பார்க்காமலே அந்த மாதங்களைக் கழித்தவர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணியைக் குடியிருப்புச் சங்கம் உள்ளே விடவில்லை. சம்பளம் வாங்க மாதம் ஒருமுறை கேட்டருகே வந்து நிற்பார். அவரிடம் என் அம்மா அன்றைய கணக்கைச் சொன்னபோது, “எத்தனைன்னு தெரிஞ்சு நான் என்னம்மா பண்றது? நூத்துக்கு வந்தாலும் நாங்க அதே ரூம்புதான், அதே பாத்ரூம்புதான்,” என்றார். ஆறு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை இருக்கும் வரிசை வீட்டில் மண்டல வாரிப் புள்ளிவிவரத்துக்கு வேலை இல்லை. அவர் வைத்திருந்த கணக்கு வேறு. குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய், விலையில்லா அரிசி, டோக்கனில் போட்ட தேதி, அம்மா உணவகம் எத்தனை மணி வரை, வட்டிக்காரருக்கு இன்னும் எவ்வளவு. சங்கம் விடாத இரண்டு வீடுகளில் சம்பளம் நின்றுபோயிருந்தது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25ஆம் தேதி சென்னைக் கடைத்தெருக்களில் தோளோடு தோள் இடித்து நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு நான்கு நாள் என்பது என்ன கணக்கு என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பீப்ஸின் லண்டனிலும் அந்த இன்னொரு கணக்கு இருந்தது, அவரே அதன் மறுபக்கத்தில் இருந்தார். மனைவியை ஜூலையில் வுலிச்சுக்கு அனுப்பினார். அலுவலகம் கிரீனிச்சுக்கு மாறியது. அக்டோபரில் அந்த அலுவலக வாசலில், சம்பளம் வராத கடற்படை மாலுமிகள் பட்டினியோடு தெருவில் கிடந்து ஓலமிட்டார்கள். கடந்து போகவே மனம் பதறியதாக எழுதுகிறார். ஆண்டு முடிவில் கணக்கைப் பார்க்கும்போது அவருடைய சொத்து 1,300 பவுண்டிலிருந்து 4,400 பவுண்டாக உயர்ந்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்நாளும் வாழ்ந்ததில்லை என்ற பொருளில் ஒரு வரியும் எழுதிவைத்திருக்கிறார். அவ்வாண்டு லண்டன் பட்டியல்களில் பதிவான கொள்ளைநோய்ச் சாவு மட்டும் 68,596. நம் ஊரில் பெருந்தொற்றுக் காலத்தில் செலவு குறைந்து சேமிப்பு கூடியவர்கள் எத்தனையோ பேர். எழுதிவைக்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

மாலைதோறும் எண் வருவது எவ்வளவு புதிய பழக்கம் என்பதற்கு 1918ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூனில் பம்பாயில் இறங்கிய இன்ஃபுளுவென்ஸா, இலையுதிர் மாதங்களில் நாட்டையே வாரிக்கொண்டு போனது. சென்னை மாகாணத்தில் சாவு விகிதம் பம்பாயையும் மத்திய மாகாணங்களையும்விடக் குறைவு என்றாலும் சிறியதல்ல. கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிய வேண்டியவர் கிராம முன்சீப். அவரே காய்ச்சலில் படுத்தால் பதிவேடும் படுத்துவிடும். சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் முதலில் கொடுத்த மதிப்பு சுமார் 60 லட்சம். 1951இல் கிங்ஸ்லி டேவிஸ் அதை 2 கோடி என்றார். பின்வந்தவர்கள் 1.4 கோடிக்கும் 1.8 கோடிக்கும் இடையே பேசுகிறார்கள். 1911க்கும் 1921க்கும் இடையே இந்திய மக்கள்தொகை குறைந்தது. நம் குடிக்கணக்கு வரலாற்றில் அப்படிக் குறைந்த ஒரே பத்தாண்டு அது. அந்நாளில் வாழ்ந்தவர்களுக்கு இதில் ஓர் எண்கூடத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதுதான். எண் இல்லாதபோது வதந்தி ஆளும். எண் இருந்தபோதும் எங்களை வதந்திதான் பாதி ஆண்டது என்றாலும், குறைபட்ட எண்ணே இல்லாததைவிட மேல் என்பேன். ஹாட்லி ஆறு என்றாவது எழுதினார். அதை வைத்துத்தான் பீப்ஸால் பத்தாயிரம் என்று ஊகிக்க முடிந்தது.

இந்தப் பழக்கமெல்லாம் 2021 மே மாதம் உடைந்துபோனது. மே 10 முதல் ஊரடங்கு, 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு. மே 21 அன்று மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,184. முதல் அலையில் ஏழாயிரத்துக்கு நடுங்கியவர்கள் நாங்கள். ஆனால் அந்த மாலை எங்கள் வீட்டில் யாரும் எண்ணைக் கேட்கவில்லை. மேல்வீட்டுப் பெரியவர் நோட்டில் கோடு போடுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியாது. கைபேசி முழுக்க வேறு செய்திகள்: ஆக்சிஜன் படுக்கை எங்காவது உண்டா, ரத்தத்தில் பிராணவாயு அளவு 84, கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிருக்கு வரிசையில் நிற்கிறேன், யாராவது மாற்றிவிட முடியுமா. அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையாக நின்றன. ரெம்டெசிவிர் வரிசை கீழ்ப்பாக்கத்திலிருந்து நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியது. உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தால் பெரிய பயன் காணவில்லை என்று முந்தைய ஆண்டே சொல்லியிருந்தது. வரிசையில் நின்ற யாரிடமும் அதைச் சொல்ல மனம் வராது. காலையில் எழுந்ததும் முகநூலைத் திறக்கப் பயந்தோம். கறுப்புப் பின்னணியில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். கல்லூரித் தோழன், அச்சகத்துக்காரர், பையனின் கணக்கு வாத்தியார், எதிர்வீட்டுக் கஷாயக்காரரின் தம்பி.

பீப்ஸுக்கும் இது நேர்ந்தது. செப்டம்பர் 14 பக்கத்தில் பட்டியலின் எண்ணிக்கை சற்றுக் குறைந்திருப்பதை முதலில் குறிக்கிறார். அதே வரிகளில், நகர மதிலுக்குள் கூடியிருப்பதையும். அதன்பின் அவருடைய பேனா எண்ணை விட்டுவிட்டு ஆட்களுக்குப் போகிறது. தினமும் தன்னை ஏற்றிச் சென்ற படகோட்டி, வெள்ளிக்கிழமை கரையில் இறக்கிவிட்ட கையோடு படுத்துவிட்டான், இப்போது இல்லை. சேதி கேட்டுவர அனுப்பிய கூலியாள் இல்லை. தன்னிடம் வேலை செய்யும் இரண்டு இளைஞர்களின் தகப்பன்மாரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அந்த வாரப் பட்டியல் குறைந்துவந்தது என்பது அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. மனம் மிகக் கலங்கியதாக எழுதுகிறார். தூரம் அளக்க வைத்திருந்த கோல் கைவிட்டுப் போன நாள் அது. அடுத்த வாரம் கொள்ளைநோய்ச் சாவு 7,165 ஆகி உச்சம் தொட்டது. தனக்குத் தெரிந்த முகங்களை முன்பே இழந்துவிட்ட அவர், ஒயிட்ஹால் முற்றமெங்கும் புல் முளைத்திருப்பதை எழுதிவிட்டு, அதன் பிறகே அந்த எண்ணைக் குறிக்கிறார்.

சென்னையில் கதை இன்னொரு திருப்பம் கண்டது. தொற்றால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 4 அன்று ஏற்றது. பரிசோதனையில் உறுதியாகி முப்பது நாளுக்குள் நேர்ந்த மரணம், வீட்டில் நேர்ந்திருந்தாலும், கணக்கில் வரும். சான்றிதழில் நோயின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. தகராறு இருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். எந்தச் சொல் தங்கள் வீட்டுக் காகிதத்தில் ஏறிவிடக் கூடாது என்று குடும்பங்கள் ஓராண்டுக்கு முன் பதறினவோ, அந்தச் சொல்லை ஏற்றச் சொல்லி இப்போது பரிசோதனை முடிவையும் ஸ்கேன் படத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றன. குஜராத்தில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த விவரப்படி அங்கே இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் தொண்ணூறாயிரத்தை ஒட்டி இருந்தன. அதே ஆண்டு மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், 2020–21 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கு 4.8 லட்சம், மதிப்பிட்ட முறையே தவறு என்று அரசு மறுத்தது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் தம்பிக்காக மனு எழுதிக்கொண்டு வந்தார். தம்பிக்குப் பரிசோதனை எடுக்கவில்லை. எடுத்தால் தெருவை அடைப்பார்கள் என்று வீட்டில் வேண்டாம் என்றிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் மட்டும் இருந்தது, நுரையீரலில் பாதிக்கு மேல் வெள்ளை படர்ந்த படம். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தது. அந்தச் சொல்லை அன்று கேட்டு வாங்கியவரும் அவர்தான். மாவட்டக் குழுவுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தின் வரைவை மேல்வீட்டுப் பெரியவர் எழுதிக் கொடுத்தார். தேதிகளைச் சரிபார்க்கப் பால் கணக்கு நோட்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.